மூன்று மில்லிமீட்டர்

பெட்டி வந்த அன்று எனக்கு இரவுப் பணி.
காலையில் பாயான் லெப்பாஸிலிருந்து திரும்பி
குளிக்காமலே அறுத்துத் திறந்தேன்.
உடல், கழுத்து, பை நிறையத் திருகாணி,
ஒரு துண்டுத் தாளில் ஏழு படங்கள்.
நான்காவதும் ஐந்தாவதும் ஒரே படம்.

குறை பார்ப்பதுதான் என் வேலை.
பதினொரு வருடமாக நுண்ணோக்கியில் குனிந்து
நகக்கண் அளவுச் சில்லுகளின் ஈயக் கால்களை எண்ணுகிறேன்.
வளைந்தது சிவப்புத் தட்டுக்கு.
அதனால் எதுவும் தப்பவில்லை.

கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கான துளைகள்
மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தன.
நூல் கட்டிப் பார்த்தேன்.
கடைசிக் கம்பி விளிம்பைத் தாண்டி
வெறுங்காற்றில் நின்றது.
கழுத்து தன் குழியில் பால்பல்லாய் ஆடியது.
ஏழாவது மெட்டு மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.
பிரடைகள் ஆறில் ஒன்று
இடக்கைக்காரர்களின் கிதாருக்கானது.

அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.
‘டியர், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,
முப்பது வெள்ளி திருப்பித் தருகிறோம்.’
மில்லிமீட்டருக்குப் பத்து வெள்ளி.
கழுத்தின் ஆட்டத்துக்கு, மெட்டுக்கு, பிரடைக்கு
விலையே போடவில்லை.

கபிரியேல் லாரியை நிறுத்திவிட்டு வந்து
சாப்பாட்டு மேசை முழுக்க மரத்தூளைப் பார்த்தார்.
‘செஞ்சு வச்சதையே வாங்கியிருக்கலாம்லா.’
வாங்கியிருக்கலாம்.
தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஆயர் ஈத்தாம் இரும்புக் கடையில் மேடம் கோர்
துளைபோடும் ஊசிகளை மேசையில் பரப்பிவிட்டு
நான் தோளில் தூக்கிப்போன உடலைத் தட்டிப் பார்த்தார்.
மலாயில் கேட்டார்: இது சத்தம் போடுமா?
தெரியாது என்றேன்.
ஊசிக்கு ஐம்பது காசு குறைத்தார்.

பழைய துளைகளை அடைக்க
பசார் மாலாமில் தின்ற சாத்தேயின் குச்சிகள்.
இரண்டு முறை கழுவியும்
பசையோடு சேர்த்து அடித்து இறக்கும்போது
கடலைக் குழம்பு மணத்தது.
காயட்டும் என்று ஓர் இரவு விட்டேன்.
மறுநாள் மூன்று முறை அளந்து, மூச்சடக்கி,
குச்சியும் மரமும் கலந்த இடத்தில்
புதிதாகத் துளை போட்டேன்.

கழுத்துக்கு அடியில் சொருக
மெல்லியதாய், வளையாததாய் ஒன்று வேண்டும்.
அலமாரியில் என் முதல் வேலை அட்டை கிடந்தது.
கம்பெனி அதற்குப் பிறகு இரண்டு முறை பேர் மாற்றிவிட்டது.
கத்தரித்ததில் ‘யோக’ உள்ளே போனது.
‘மலர்’ குப்பைக்கு.
ஆட்டம் நின்றது.

ஏழாவது மெட்டை மரச்சுத்தியலால் தட்டினேன். இறங்கவில்லை.
அரத்தை எடுத்து ராவினேன். கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்.
இப்போது ஏழில் விரல் வைத்தால் எட்டு முனகுகிறது.
இதைப் படமெடுத்து
யாருக்கு அனுப்புவது?
கொஞ்ச நேரம் அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கம்பி ஏற்றிய இரவு மழை.
பதினான்காவது மாடி ஜன்னலைச் சாத்திவிட்டு
திறந்த கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
கபிரியேல் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பணியில் நூற்றுப் பன்னிரண்டு சில்லுகளைக் கழித்தேன்.
கை தயங்கவில்லை.
யாரோ ஒருவருடைய இதயத் துடிப்பை எண்ணப்போகிற சில்லு
குச்சி சொருகிப் பிழைக்க முடியாது.

வீட்டில் அந்த இடக்கைப் பிரடை
இன்னும் அப்படியேதான் இருக்கிறது.
மற்ற ஐந்தும் ஏறும் பக்கம் இது இறங்கும்.
தெரிந்துதான் இருக்கிறது.
இருந்தும் ஒவ்வொரு முறையும்
கை பழக்கத்துக்குத் திருகுகிறது,
சுருதி தொய்ந்து கீழே போகிறது,
அட, என்று சொல்லிவிட்டு
திரும்பி வருகிறேன்.