வளவுக் கணக்கு

பீவர்ட்டனுக்குத் தெற்கே, பத்தாவது லைன் றோட்டில்
ஒன்பது ஏக்கர், ஒரு கிணறு, ஒழுகும் கொட்டில் ஒன்று.
வாங்கியபோது வளவு என்றுதான் சொன்னோம்.
பதிவுப் பத்திரத்தில்
'வணிகத்தின் பெயர்' என்ற கட்டம் வெறுமையாய் இருந்தது.
நகுலேசன் என்னைப் பார்த்தார்.
நான் பேனையைப் பார்த்தேன்.

அன்று முதல் குசினியில் ஒரு கொப்பி.
இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு.
நான் ஆய்ந்த வெண்டிக்காயை நானே சமைத்தால்
'வீட்டுப் பாவனை, இரண்டு டொலர் நாற்பது'
என்று எழுதவேண்டுமாம், கணக்காளர் சொல்லிவிட்டார்.
மகள் ஒரு ஸ்ட்ராபெரியை வாயில் போட்டுக்கொண்டு
"எழுதிக்கொள்ளுங்கோ அம்மா" என்பாள்.
முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எழுதினேன்.

காப்புறுதிக்காரன் தொலைபேசியில்
இது வீடா தொழிலா என்று கேட்டான்.
இரண்டும் என்றேன்.
அப்படி ஒரு தெரிவு தன் திரையில் இல்லை என்றான்.

மாசியிலேயே பதினான்கு குடும்பங்கள் பணம் தந்தன,
பனிக்குக் கீழே எங்கே கிடக்கிறதென்றே தெரியாத நிலத்துக்கு.
ஆனியிலிருந்து ஐப்பசிவரை
வியாழனுக்கு வியாழன் ஒரு பெட்டி மரக்கறி.
காசோலைகளை எண்ணிய இரவு எனக்கு நித்திரை இல்லை.
வங்கிக் கடனென்றால் முகம் ஒன்று.
இது பதினான்கு.

கராஜ் களஞ்சியமாயிற்று.
சாப்பாட்டு மேசையில் தராசு குடியேற,
நாங்கள் நின்றபடி சாப்பிட்டோம்.
ஒரு சனிக்கிழமை குளியலறையைத் திறந்தால்
முன்பின் தெரியாத ஒருவர் கை கழுவிக்கொண்டிருக்கிறார்.
"நல்ல மெதுவான துவாய்" என்றார்.
கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று நான்.
வாசலுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று அவர்.
இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை.

வைகாசி இருபத்தெட்டு.
நாற்றெல்லாம் வெளியில் நட்டு நாலு நாள்.
இரவு மைனஸ் இரண்டு என்றது வானொலி.
மூடுதுணி ஆறு பாத்திக்குக் கிடந்தது. பாத்தி நாற்பது.
பங்காளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்
(எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாதி அர்த்தம் வழக்கு).
உதவி கேட்டு அல்ல;
பணம் திருப்பித் தரப்படும் என்று.

ஒன்பதரைக்கு ஒரு கார் வெளிச்சம் லைனில் திரும்பியது.
பிறகு இன்னொன்று. பிறகு வரிசை.
ஹெலன் ஓகில்வி கட்டில் விரிப்புகள் ஐந்தோடு.
தவமலர் தன் கலியாணப் போர்வையோடு.
டைனோசர் போட்டது, ஊதாப்பூப் போட்டது,
ஹொட்டல் முத்திரை குத்தியது ஒன்று
(எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை).
தக்காளிக்கு மேல் விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள்.
தூங்கும் பிள்ளையைப் போர்த்துகிறமாதிரி
என்று எழுதத்தான் கை போகிறது.
உண்மையில் அது
களவெடுத்ததை மறைக்கிற அவசரம்.

விடிய, விரிப்புகள் அப்பளமாய் விறைத்திருந்தன.
தூக்கினால் டைனோசர் மடங்கவில்லை.
கீழே பச்சை. நம்பமுடியாத பச்சை.
கிழக்குப் பக்கம் மட்டும் எட்டுப் பாத்தி கறுத்துக் கிடந்தது.
எட்டையும் செலவில் எழுதினேன்.

இரண்டு நாள் துவைத்தேன்.
பதினான்கு வீட்டுப் படுக்கைகள் எங்கள் கொடியில்.
ஆனியில் பெட்டி எடுக்க வந்தவர்கள்
அவரவர் விரிப்பை அடையாளம் பார்த்துக் கொண்டுபோனார்கள்.
ஒன்று மிஞ்சியது.
வெளிர்நீலம், மூலையில் கையால் தைத்த ஒட்டு.
ஆவணியும் போயிற்று. யாரும் கேட்டு வரவில்லை.

நகுலேசன் கொப்பியைத் திறந்து
"இதை எந்தப் பக்கம் போடுகிறது?" என்றார்.
"என்ன விலை?" என்றேன்.
மூடிவைத்துவிட்டார்.

குளிர் தொடங்கிவிட்டது.
அது இப்போது எங்கள் கட்டிலில் கிடக்கிறது.
பூட்டு இன்னும் வாங்கவில்லை.
நாளைக்கு உள்ளி நடவேண்டும்,
மண் இறுகமுதல்.