பத்து மரம்

மணி நாலேகால். மழை விடவில்லை.
பீடோர் டோலுக்குத் தெற்கே எங்கோ
ஒரு காடி கவிழ்ந்ததாகப் புலனத்தில் செய்தி.
தே ஓவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.
முதலில் போகிற இழுவை லோரிக்குத்தான் வண்டி.
இரண்டாவதாகப் போகிறவன்
நனைந்துகொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.
முதலில் கண்ணாடித் தூளைக் கூட்டுவேன்.
அப்புறம் சங்கிலி.
அப்புறம்தான் உள்ளே பார்ப்பது,
பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும்
நினைத்துக்கொண்டே.

இருக்கைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு.
பிரிக்காத நாசி லெமாக், பொட்டலம் இன்னும் சூடு.
பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பை.
பிள்ளை அன்றைக்கு டியூஷனில் இருந்தது.
கைப்பேசி மட்டும் எப்படியோ உயிரோடு கிடக்கும்.
விரிசலுக்குள்ளிருந்து ஒருமுறை படித்தேன்:
'தாப்பா தாண்டிட்டேன், இன்னும் ப'
அந்தப் பகரத்துக்கு அப்புறம்
என்ன எழுத இருந்தாளோ.
பத்து நிமிஷம் என்றா,
பருப்பை ஊற வை என்றா.

காவல் நிலையப் பாரத்தில்
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
இரண்டு விரல் அகலம்.
சார்ஜன் ரொஸ்லான் அதில் வழக்கமாக எழுதுவது:
மழை, சாலை வழுக்கல்.
மழைக்கு வக்கீல் கிடையாது,
எதை அதன்மேல் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.
கண் சொக்கியது என்று யாரும் சொல்வதில்லை.
டோல் அட்டை காலடியில் விழுந்தது, குனிந்தேன்,
அதையும் சொல்வதில்லை.
காய்கறி லோரி மாசிலாமணி ஒருத்தர்தான்
இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது சொன்னார்:
'எதிர்ப் பக்கம் ஒரு ஆக்சிடெண்ட் தம்பி.
அதைத்தான் பாத்துக்கிட்டே போனேன்.'

எனக்கு மீட்டர் கணக்கு வராது.
தோட்டத்தில் குலை ஏற்றியவன்;
மரத்துக்கு மரம் முப்பதடி, அந்தக் கணக்குத்தான்.
நூற்றுப்பத்தில் போகிற காடி
கண்ணைத் தாழ்த்தி நிமிர்வதற்குள், மூன்றே விநாடி,
பத்து செம்பனையைக் கடந்துவிடும்.
அந்தப் பத்து மரத்துக்கு
யாரும் ஓட்டுவதில்லை.
வண்டி தானாகப் போகிறது.
பெரும்பாலும் நேராகவே போகிறது.
அதுதான் சனியன்.
நேராகப் போய்விடுவதால்தானே
மறுநாளும் குனிகிறோம்.

இவ்வளவும் தெரிந்த நான்
அந்த நாலேகால் மழையில், பழைய சாலையில்,
ஆ லெக் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டானா என்று
புலனத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு படம் வந்திருந்தது.
சக்கரம் மேலே பார்த்திருக்க ஒரு வெள்ளைக் காடி.
அதைப் பெரிதாக்கிப் பார்க்க
இரண்டு விரலை விரித்தேன்.

நிமிர்ந்தபோது
கண்ணாடி முழுக்க மஞ்சள் மழைக்கோட்டு.

பிரேக்.
பின்னாலிருந்த சங்கிலி எழும்பி வந்து
கேபினை அறைந்தது.
லோரி கோணலாகச் சறுக்கி நின்றது.

தோட்டத்துச் சந்தில் இருந்து ஏறி வந்த சைக்கிள்.
பங்களாதேஷ் பையன்,
ஹேண்டிலில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் பிளாஸ்டிக்.
என் பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில்
ஒரு கை நுழையும்.
அவன் ஓரமாக இருந்தான்.
கோட்டுக்கு வெளியே இருந்தான்.
நான்தான் கோட்டைத் தாண்டி அங்கே போயிருந்தேன்.

அவன் கையை நெஞ்சில் வைத்து
'மாஃப், போஸ்' என்றான்.
என்னிடம்.
நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டி
அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன்.
கண்ணாடியை இறக்கக்கூட இல்லை.
அவன் அரிசியைத் தடவிப் பார்த்துவிட்டு
மிதித்துப் போனான்.
பின்விளக்கு இல்லை அவனுக்கு.
இருந்திருந்தாலும்.

நான் போய்ச் சேர்ந்தபோது
வெள்ளைக் காடி ஆ லெக்கின் லோரியில் ஏறியிருந்தது.
யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை என்றான்.
சார்ஜன் குடைக்கடியில்
கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.
ஆ லெக் சிகரெட்டை நீட்டினான்.
என் விரல் அதைப் பிடிக்க இரண்டு தரம் தவறியது.

'என்னா லேட்டு?' என்றான்.

மழை, என்றேன்.