நீலம் இரண்டு மில்லி விலகியது

சின்ன ஆர்டர். நானூற்றிருபது பனியன்.
மங்கலம் ரோட்டில் எவரும் எடுக்காததால்
எங்கள் பிரிண்டிங் பட்டறைக்கு வந்தது.

முன்பக்கம் ஹாலந்தில் ஏதோ ஒரு பேரூராட்சியின் வரைபடம்:
வாய்க்காலுக்கு நீலம், மேய்ச்சலுக்குப் பச்சை,
கோபுரத்துக்குச் செங்கல் சிவப்பு.
முதுகில் அதன் வரலாறு. ஏழே வரி.
பையர் ஆபீசில் கேட்டதற்குச் சொன்னார்கள்:
முதல் வரியில் சந்தைக்கு உரிமை கிடைக்கிறது,
மூன்றாவதில் கரை உடைகிறது,
கடைசி வரி வருகிற ஜனவரி,
பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிடுகிறார்கள்.
அதற்குத்தான் இந்தப் பனியன்.

"ஏனுங்ணா, கடலுக்குக் கீழயாமா அந்த ஊரு?
தண்ணிய எறச்சு வெளிய ஊத்துவாங்களாட்ட"
என்றாள் செக்கிங் துளசிமணி.
ஆயிரத்திருநூறு அடி போர் போட்டு
காற்று மட்டும் வந்த காட்டுக்காரி.
கொஞ்ச நேரம் சிரித்தாள்.
பிறகு பிசிறு வெட்டப் போனாள்.

ராத்திரி ஷிப்டில் என் கை அசந்தது,
நீல ஸ்கிரீன் இரண்டு மில்லி விலகியது.
பதினோரு பனியன்களில்
கடல் கரையேறிக் கோபுரத்தின் காலை நனைத்தது.
டேமேஜ் என்று ஓரங்கட்டினார்கள்.
என் கூலியில் பிடித்தார்கள்.

பெட்டிகள் தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்று
ஸ்கிரீனைக் கழுவிவிட்டேன்.
மிச்சமிருந்த வாய்க்கால்கள்
ஜம்மனை ஓடையில் இறங்கி
நொய்யலுக்குப் போயின.

பிப்ரவரியில் காதர்பேட்டைக்குப் போனபோது
தள்ளுவண்டியில் வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தவர்
அதைத்தான் போட்டிருந்தார்.
முன்னால், முங்கிய ஊர்.
திரும்பி உப்பை எடுத்தார்.
வியர்வையில் ஒட்டிய முதுகில்
ஏழு வரியும்
பிசகாமல் இருந்தன.