ஸ்வரத்தின் மேல் ஒரு ழ

கேப் முனை, 1724

பக்கம் முழுக்கப் புள்ளிகள்.
ஐந்து கோடுகளில் கட்டெறும்பு ஏறி இறங்குவதுபோல.
எங்கள் ஓலையில் புள்ளி வைப்பதில்லை,
எழுத்தாணி அழுந்தினால் நரம்போடு கிழியும்.
மெய்யா உயிர்மெய்யா என்பதைப்
படிப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்தில் உப்புக் கணக்கு எழுதினேன்.
பஞ்சத்தில் என்னையே யாரோ கணக்கில் எழுதி
ஒல்லாந்தர் கப்பலில் ஏற்றினார்கள்.
இறக்கிய மாதமே பெயர்: அக்டோபர்.
என்னோடு இறங்கியதில் இன்னும் இரண்டு அக்டோபர்கள்.
ஒருவன் மேசை மலையில் விறகு சுமக்கிறான்.
மற்றவனைக் காணோம்.

கையெழுத்து வாய்த்ததால் எனக்கு வீட்டுக்குள் வேலை.
எஜமானியின் கிளாவெசிம்பலுக்கு,
அந்தக் கால்முளைத்த தந்திப் பெட்டிக்குப்
பாட்டுத் தாள்களைப் படியெடுக்க வேண்டும்.
கடலில் நனைந்து வந்ததைக் காயவைத்து
பூஞ்சை தட்டி
வாத்திறகைச் சீவி.
இவர்கள் இறகால் எழுதுகிறார்கள்.
பெட்டிக்குள் தந்தியைச் சுண்டுவதும் இறகுதான்.
அது முறிந்தால்
மலையடிவாரத்தில் காக்கை தேட என்னை அனுப்புவார்கள்.

ஒருமுறை கீழ்க்குரல் தாள் மட்டும் பிழைத்து வந்தது.
ஸ்வரங்களின் மேல் எண்கள். ஆறு, ஏழு, மறுபடி ஆறு.
மற்றதெல்லாம் கடலோடு போயிற்றா என்றேன்.
"நிரப்ப வேண்டியதை எழுதுவதே இல்லை.
வாசிப்பவள் போட்டுக்கொள்வாள்" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இவர்களிடமும் ஓர் ஓலை இருக்கிறது.

அன்றிரவு திமிங்கில எண்ணெய் விளக்கில்
கடைசி வரி எழுதும்போது
நீளமான ஒரு ஸ்வரத்தின் தலையில்
ழ என்று போட்டுவிட்டேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை,
அதனால் வாழவந்தான் என்று பெயர்.
அதில் இரண்டாம் எழுத்து.

பத்தாவியா போகும் கப்பலொன்று தண்ணீர் பிடிக்க நின்றது.
விருந்து.
ஆட்டுத் தொடை, கான்ஸ்டான்ஷியா ஒயின்,
தென்கிழக்குக் காற்று சன்னல் பலகைகளை அறைந்தபடி.
நான் தாள் திருப்ப நின்றேன்.
ழ வந்தது.

அவள் ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு விரல்கள் மேலே ஏறி
உள்ளுக்குள் மடிந்து
ஒரு சுற்றுச் சுற்றி இறங்கின.
இந்த வீட்டில் யார் நாக்கும் வளையாத இடத்தில்
விரல்கள் வளைந்தன.

கப்பல் வைத்தியர் கேட்டார், அந்த அலங்காரத்துக்கு என்ன பெயர்?
"பாரிஸில் இப்போது அதுதானே மோஸ்தர்"
என்றாள், கண் இமைக்காமல்.

அவருக்கு ஒரு படி வேண்டுமாம்.
எழுதிக் கொடுத்தேன்,
ழவை மட்டும் கொஞ்சம் பெரிதாக.
கப்பல் கிழக்கே போய்விட்டது.
வழியில் நாகப்பட்டினம் இல்லை, விசாரித்துவிட்டேன்.

பத்தாவியாவில் யாராவது அதை வாசிக்கலாம்.
இவளைப்போல் வாசிக்கமாட்டார்கள்.
போகட்டும்,
படிப்பவர் பாடு.

இன்று காலை நடுவில் ஒரு கட்டை ஊமையாகக் கிடக்கிறது.
காக்கை தேடக் கிளம்புகிறேன்.