நான்கு மணிக் கையெழுத்து

காலை ஆறு மணிக்குப் பொறுப்பேற்க வந்தவன் நான்.
கெத்தை மின்நிலையத்துக் கதவருகில்
சேவணனின் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது.
துணையாள் அன்று லீவு.
நாற்காலியில் சரிந்திருந்தவர்
என்னைப் பார்த்துச் சிரித்தார்,
பாதி முகத்தால்.

மலையுச்சியிலிருந்து
இரும்புக் குழாய்க்குள் விழுந்து வரும் தண்ணீருக்கு
எழுபத்தாறு கிலோ அழுத்தம்.
இருபத்தாறு வருடமாக
மணிக்கொரு முறை முள்ளைப் பார்த்து
எண்ணை எழுதி, குறிப்புப் பத்தியில்
‘சரி’ என்று எழுதுகிற மனிதர்.
வெல்டிங்கில் வியர்வைபோல் ஒரு துளி பூத்தால்
அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.
ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால்
திரும்பி வந்து உதைக்கும் என்பார்.
அதற்குத்தான் மேலே சர்ஜ் டேங்க்,
கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம்.

போன மாசியில்
மஞ்சூரிலிருந்து நர்ஸ் பியூலா வந்தாள்.
பட்டையைச் சுற்றிக் காற்றடித்து
ஒரு தடவை பார்த்தது போதாமல்
ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி
மறுபடியும் பார்த்தாள்.
நூற்றெண்பது. கீழே நூற்றுப்பத்து.
“தலை வலிக்குதாண்ணா?”
“இல்லை.”
“கிறுகிறுப்பு?”
“நாற்பத்து மூணு கொண்டை ஊசியில வராத கிறுகிறுப்பா?”
எல்லோரும் சிரித்தோம். நானும்.
“என் குழாயில எழுபத்தாறு கிலோ ஓடுதும்மா,
இதெல்லாம் ஒரு பிரஷரா?”
“உங்க குழாய் இரும்புண்ணா” என்றாள்
பட்டையைச் சுருட்டிக்கொண்டே.

முப்பது நாள் மாத்திரை தின்றார்.
முப்பத்தோராம் நாள் அட்டை காலி.
உடம்பு நன்றாகத்தான் இருந்தது,
மஞ்சூர் பஸ்தான் போய்விட்டிருந்தது.
பிறகு தேயிலை விலை இறங்கியது,
மகளுக்கு நிச்சயம், இரட்டை ஷிப்ட்,
அவரைக் குழம்பின் மேல் இன்னொரு சிட்டிகை உப்பு,
அதற்கும் மேலே ஊறுகாய்.
வலிக்காத ஒன்றுக்கு லீவு கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

ஆம்புலன்ஸ் இருபதாவது வளைவில் நின்றது.
குட்டியோடு ஒரு யானை
மூங்கிலை முறித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.
ஹார்ன் அடிக்கக் கூடாது.
அவர் வலது கையை நான் பிடித்திருந்தேன்.
அது என்னைப் பிடிக்கவில்லை.

ஊட்டியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி:
“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?
அதைப் பொறுத்துத்தான் ஊசி.”
அவர் மனைவி மிச்சி என்னைப் பார்த்தாள்.
நான் நிலையத்துக்குப் போன் போட்டு
பதிவேட்டைப் பிரிக்கச் சொன்னேன்.
தாமஸ் வாசித்தான்.
ரெண்டு மணி, எழுபத்தாறு, சரி. எழுத்து நிமிர்ந்திருக்கு.
மூணு மணி, எழுபத்தாறு, சரி.
நாலு மணி...
ஏழு இருக்குண்ணா.
ஆறு, கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குது.
குறிப்புல ‘ச’ மட்டும் இருக்கு.
அஞ்சுக்கு, பேனா இழுத்துக்கிட்டுப் போன ஒரு கோடு.

டாக்டர் சுவரைப் பார்த்தார்.
மணி ஒன்பதரை.
ஊசியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி
ஐந்து மணிப் பதிவு எங்கே என்றார்.
அன்றிரவு குழாயில் கோளாறு ஏதுமில்லை என்று
மேலே அறிக்கை போனது.

சேவணனிடம் இப்போது ஒரு சொல்தான் மிச்சம்.
சாப்பிட்டீங்களா? சரி.
குளிருதா? சரி.
கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சரி.
அழும்போதும் அதே சொல்தான்.

நேற்று பியூலா என் கையில் பட்டையைச் சுற்றினாள்.
ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
எண்ணைச் சொன்னாள்.
பதிவேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.
பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.