ஒரே பெட்டி, ஒரே விலை

ரிச்சி தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை.
ஒரு கையில் ஹெல்மெட்,
மறு கையில் இரண்டு பிராசசர்.
ஒன்று எனக்கு. ஒன்று கோதண்டத்துக்கு.
ஒரே மாடல், ஒரே விலை,
பில்லில் ஒரே வரி: எண்ணிக்கை இரண்டு.

"எதுவா இருந்தா என்னக்கா, ரெண்டும் ஒண்ணுதானே"
என்றான் போனில்.
பெட்டிமேல் அச்சடித்தது வரைக்கும்
அவன் சொன்னது சரி.

கொரட்டூர். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை.
அக்னி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள்.
இரவு பதினொன்றுக்கும்
சுவரில் கை வைத்தால்
யாரோ காய்ச்சலோடு அந்தப் பக்கம்
சாய்ந்திருப்பது போல.

என் நோட்டில் முதல் கட்டம் அறை வெப்பம்.
வேகம், வோல்டேஜ் எல்லாம் அதற்குப் பிறகு.
குளிர் நாட்டில் எவனோ
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுத்த அளவை நம்பி
மதர்போர்டு ஒன்றை எரித்திருக்கிறேன்.
திரைச்சீலையில் இன்னும் அந்த வாசனை.
முப்பத்து நான்கரை என்று எழுதினேன்.
விரலில் மை வழிந்தது.

தெர்மல் பேஸ்ட்
பட்டாணி அளவா அரிசி அளவா என்று
சண்டை போடுபவர்கள் உண்டு.
நான் துவரம்பருப்பு.

முதல் பிராசசரைப் பொருத்தி
பயாஸில் மெல்ல ஏற்றினேன்.
ஐந்து. ஐந்து புள்ளி ஒன்று.
ஐந்து புள்ளி இரண்டில் நீலத்திரை.
வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டியதும்
பத்து நிமிடம் ஓடி
தொண்ணூற்றெட்டு டிகிரியில்
தானாகவே மூச்சைக் குறைத்துக்கொண்டது.
திட்டவில்லை.
தன் அளவு தெரிந்த பிராணி.

பிறகு இரண்டாவது.
அதே போர்டு, அதே கூலர், அதே துவரம்பருப்பு.
ஐந்து புள்ளி இரண்டு,
மூன்று,
நான்கு,
அதுவும் குறைந்த வோல்டேஜில்!
எழுபத்தொன்பது டிகிரி.
ஃபேன் சத்தம்கூட மாறவில்லை.
ஒன்றரை மணிக்குத் தனியாக எழுந்து நின்று
கைதட்டப் போய்
கீழ்வீட்டுக் கைக்குழந்தை நினைவு வந்து நிறுத்தினேன்.

ஒரே மணல், ஒரே உலை.
ஒரே வட்டத் தகட்டில்
இது நடுவில் விளைந்திருக்கும், அது ஓரத்தில்.
விற்றவருக்குத் தெரியாது.
வாங்கச் சொன்னவனுக்குத் தெரியாது.

இரண்டு பத்துக்கு
மூலை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
தெருவே ஏசியை இழந்து ஒன்றாக முனகியது.
இருட்டில் உட்கார்ந்து
ஹீட்சிங்க் ஆறுகிற டிக் டிக்கைக் கேட்டேன்.
நல்லது யாருக்கு என்ற கேள்வி
அப்போதுதான் வந்தது.
காசு இருவருடையதும் சமம்.
ஆனால் கண்விழித்தது நான்.
ஐந்நூறு யூனிட் தாண்டினால்
கரண்ட் பில் கட்டப்போவதும் நான்.
எல்லா நியாயமும் வரிசையாக வந்து
என் பக்கமே உட்கார்ந்தது.
அதனால்தான் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை
இரண்டையும் துடைத்துப் பெட்டியில் போட்டு
மேசைமேல் வைத்தேன்.
அடையாளம் எதுவும் இடவில்லை.
இடப்பக்கம் இருப்பது எது என்று
எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கோதண்டம் வந்தான். தண்ணீர் கேட்டான்.
செம்பைக் கீழே வைத்த கை
அப்படியே இடப்பக்கப் பெட்டியை எடுத்தது.
"ஓவர்க்ளாக் கீவர்க்ளாக்னு ஏதும் சொல்லிடாதக்கா.
மாமா கடைல பில் போடணும்,
ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கணும், போதும்."

வில்லிவாக்கத்துப் பெயின்ட் கடை ஒன்றில்,
ஏசிக்கு நேர் எதிரே,
ஐந்து புள்ளி நான்கு போகக்கூடிய ஒன்று
டிஸ்டெம்பர் வாளிகளைக்
கூட்டிக்கொண்டிருக்கிறது.
நான் சொல்லவே இல்லை.
பெருந்தன்மையா என்றால் அதுவும் இல்லை.
சொன்னால் என்ன செய்வான்,
"அப்படியாக்கா" என்பான்.

இன்றிரவு அறை முப்பத்தாறு.
டேபிள் ஃபேன் முன்னால்
தட்டு நிறைய ஐஸ் கட்டி.
ஐந்து புள்ளி ஒன்று ஐந்து போகுமா என்று
என்னிடம் இருப்பதை
மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஏழாவது நிமிடம்.
இன்னும் இல்லை என்று சொல்லவில்லை.