பதினோராம் தடம், ஏழாம் கூறு

மேலப்பாளையம் பழைய இரும்புக் கடையில்
மைதீன்பிச்சை பாய் தராசில் வைத்துப் பார்த்தார்.
முள் அசையவில்லை.
"எடையே இல்லாததுக்கு என்ன வெல சொல்ல,
மெசினுக்கு மட்டும் குடு."

மெசின், மானூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில்
சம்பளக் கணக்குப் போட்டது.
எண்பத்தேழாம் வருசத்து உடம்பு.
கன்டென்சர் மாற்றிக் கரண்ட் கொடுத்தால்
பச்சைத் திரையில் ஒரு கோடு துடிக்கும்.
எதற்குத் துடிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

சாக்கில் நாற்பத்தொரு பிளாப்பி.
பஞ்சு வரவு, போனஸ், பிடித்தம், மறுபடியும் பஞ்சு வரவு.
ரெண்டில்தான் 'சிஸ்டம்' என்று
அழுத்தி எழுதிய பேனாக் கை.
ரெண்டிலும் பூசணம்;
குற்றாலம் போய்வந்து காயப்போடாத துண்டு நாற்றம்.

பகலில் பாளையங்கோட்டைக் கடைகளில்
கேமரா மாட்டுகிறவள் நான்.
இரவு பத்துக்கு மேல்
ஸ்பிரிட்டும் பஞ்சுமாய் வட்டம் வட்டமாகத் துடைத்தேன்.
"உள்ள படம் இருக்கா, பாட்டு இருக்கா?"
அறையில் கூட இருக்கிற ஜெபக்கனி கேட்பாள்.
ஒன்றுமில்லை.
"இந்தா, நீ ஒரு கம்ப்யூட்டர்" என்று
மெசினிடம் சொல்ல ஒரு பேச்சு இருக்கிறது.
அவ்வளவுதான்.

டிரைவ் கறகறவென்று தேடும். நிற்கும்.
சாவி தொலைத்தவன்
நாலாம் தரமும் அதே சட்டைப்பையைத் தடவுகிற மாதிரி
திரும்ப வரும்.
இதில் அழிந்தது அதில் இருந்தது.
அதில் அழிந்தது இதில்.
ஒட்டுப்போட்டு, ஒட்டுப்போட்டு,
எழுநூற்றிருபது கூறில் எழுநூற்றுப் பத்தொன்பது.
பதினோராம் தடம், ஏழாம் கூறு
ரெண்டிலும் செத்துக் கிடந்தது.

சம்பளப் பட்டியலின் கடைசி வரியில்
கணக்கரின் பெயர்: சு. வெயிலுகந்தான்.
அவர் இல்லை. மகன் ஆறுமுகநயினார்
களக்காட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார்.
"ஒரு தட்டு பீரோவுல வச்சிருந்தாவ.
நாந்தான் உறையக் கிழிச்சேன்.
தொண்ணூத்தஞ்சு, தீவாளிக்கு மறுநா கிரகணம்.
எக்ஸ்ரே கிடைக்கல. இதுவழியாத்தான் பாத்தோம்,
தெருவே பாத்துச்சு.
அப்பா பெல்ட்டால அடிச்சாவ."

கல்யாண ஆல்பத்துக்கும் பட்டாவுக்கும் நடுவே
அந்த வட்டு இருந்தது.
"திருப்பித் தந்திரணும், கேட்டீயளா."

ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை. சின்னது.
எட்டு வயது, ஒன்பது வயது இருக்கும்.
படியெடுத்து முடித்த போனஸ் பிளாப்பி ஒன்றின்
வயிற்றைக் கீறி அதற்குள் வைத்தேன்.
ரேகை விழுந்தது நாலாம் தடத்தில்.
பதினொன்றில் தூசிகூட இல்லை.
முதல் சுற்றிலேயே படித்தது.

விடிய மூணு மணிக்கு அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டை
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்:
தட்டு பதில் சொல்லவில்லையா,
தலையைப் பின்னுக்கு இழு,
முதல் தடத்துக்குப் போ, திரும்பி வா,
மறுபடி கேள். ஐந்து தரம் கேள்.
அதற்கப்புறம் ஆளைக் கூப்பிடு.

மெசின் எழுந்து தேதி கேட்டது.
இன்றைய தேதியைச் சொன்னேன். தப்பு.
மறுபடி சொன்னேன். தப்பு.
அதற்குத் தெரிந்த ஒரு வருசத்தைச் சொன்னதும்
நம்பிவிட்டது.

படிகளை மூன்று இடத்தில் வைத்தேன்.
ஒன்று ஜெபக்கனியின் கடுகு டப்பாவில்,
அவளுக்குத் தெரியாது.

ஞாயிறு, சேரன்மகாதேவி வழி பஸ்.
புது உறையில் போட்டுக் கொடுத்தேன்.
உறை வேண்டாம் என்று உருவினார்.
"உள்ள என்னம்மா இருந்துச்சு?"
"மறுபடி கேளுன்னு இருந்துச்சு."
"யார்ட்ட?"
நான் பதில் யோசிப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

தார் ஏற்றுகிற லாரிக்கு மேலே
பதினொரு மணி வெயில்.
ஒரு கண்ணை மூடி, வட்டைத் தூக்கிப் பிடித்து,
"இன்னைக்கு முழுசா இருக்கு"
என்றார்.